பாலும் சாணிப்பாலும்: வேளாங்கண்ணி ஆண்டு விழாவை முன்வைத்து



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு வேளாங்கண்ணியை எடுத்துக்கொள்கிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "அது பக்தி சமாச்சாரம் ஆயிற்றே" என்றார். கீழத்தஞ்சையில் பக்தி சமாச்சாரம் வேறு, நிலத்துச் சமாச்சாரம் வேறு என்று எப்போதும் இருந்ததில்லை. அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஆகஸ்ட் 29-இல் கொடி ஏறும். செப்டம்பர் 7 இரவு பெரிய தேர். மறுநாள் மாதாவின் பிறந்த நாள், மாலையில் கொடியிறக்கம். சென்னையிலிருந்து காவி உடுத்தி நடந்தே வருகிறவர்கள், மொட்டை போடுகிறவர்கள், தென்னங்கன்று சுமந்து வருகிறவர்கள், மணலில் முழங்காலிட்டு மாதா குளம் வரை போகிறவர்கள் என்று ஊர் நிறைந்துவிடும். பூசை தமிழில் நடக்கும், மலையாளத்திலும் கொங்கணியிலும் நடக்கும். நாகூர் தர்காவில் சர்க்கரை ஓதி, சிக்கல் சிங்காரவேலரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே ஆரோக்கிய மாதாவிடம் வருகிறவர்களும் உண்டு. பொது நம்பிக்கை என்று சொல்கிறார்களே, அதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் டெல்டாவில் இல்லை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

சிறுவயதில் அம்மாவோடு போயிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பங்கில் தேர் எங்கள் தெருமுனை வரை வந்து திரும்பிவிடும். அம்மா அந்த முனையிலேயே மெழுகுதிரியோடு நிற்பார். வேளாங்கண்ணியில் அவர் பீடத்துக்கு எதிரே முதல் வரிசையில் நின்றார். எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் வேண்டுதலைப் பற்றிப் பேசவில்லை, இதைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தார்.

அம்மாவுக்குத் திருத்தலத்தில் கிடைத்த இடம் பங்கில் ஏன் கிடைக்கவில்லை? திருத்தலம் வந்துபோகிறவர்களுடையது. அங்கே யாரையும் யாருக்கும் தெரியாது. பங்கு அப்படியல்ல. தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குவது, தேர் எந்தத் தெருவில் போவது, பாடகர் குழுவில் யார், கல்லறையில் யாருக்கு எந்த மூலை என்றெல்லாம் அங்கே தினமும் முடிவாகிறது. வரி கேட்க மறுப்பதும் தீண்டாமைதான். வரி வாங்கினால் விழா உனக்கும் சொந்தம் என்று ஆகிவிடுமே! ஆண்டு விழாக்கள் திருத்தலத்தின் பெருமையைப் பேசி, பங்கின் வரலாற்றைப் பேசாமல் விட்டுவிடுகின்றன.

வேளாங்கண்ணியும் ஒரு பங்குதான். நாகப்பட்டினம் பங்கின் கீழ் இருந்து, 1771-இல் தனிப் பங்கானது. அந்தக் கணக்கில் 2021-இல் 250 ஆண்டுகள். 1952-இல் தஞ்சை மறைமாவட்டம் உருவானது. 1962-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் இதைப் பசிலிக்காவாக உயர்த்தினார். விழா மலர்களில் இந்த ஆண்டுகளும், கூடவே மூன்று புதுமைகளும் தவறாமல் இருக்கும். ஆண்டை வீட்டுக்குப் பால் கொண்டுபோன பையனிடம் குளத்தங்கரையில் மாதா தன் குழந்தைக்குப் பால் கேட்டது ஒன்று. நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான பையன் எழுந்து நடந்தது இன்னொன்று. புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் நன்றிக்குக் கோயில் கட்டியது மூன்றாவது. மாலுமிகள் கட்டிய கோயில் 24 அடி நீளம், 12 அடி அகலம் என்று அளவு சொல்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த பீங்கான் தட்டுகளைப் பீடத்தில் காட்டுகிறார்கள். பையன்கள் இருவருக்கும் பெயர்கூட இல்லை.

அந்தப் பால்காரப் பையன் யாராக இருக்கும்? நம் பையன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் தஞ்சாவூர் நாட்டில் சேரிப் பையன் தொட்ட பால் ஆண்டை வீட்டு அடுப்படிக்குப் போகாது. மாட்டை மேய்த்தவன், சாணி அள்ளியவன், கொட்டகை கூட்டியவன் நம்மவன். செம்பில் ஏறிய பிறகு பால் வேறு கைக்குப் போய்விடும். ஆக, புதுமைக் கதையிலும் சாதியின் ஒழுங்கு கலையாமல் இருக்கிறது. மாதா பால் கேட்ட நேரத்தில் நம் பையன் வரப்புக்கு அப்பால் மாட்டோடு நின்றிருப்பான்.

அவனுக்கென்று ஒரு பால் இருந்தது. சாணிப்பால். வேலைக்குப் பிந்தினால், கூலியில் வாய் திறந்தால், பண்ணையாளைச் சவுக்கால் அடித்து, சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பார்கள். 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாகப் போய் விவசாயிகள் சங்கம் கட்டியபோது முதலில் எழுந்த கோரிக்கைகளில் சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்து என்பதும் ஒன்று. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது 1952 ஆகஸ்டில். மறைமாவட்டம் உருவானது அதே ஆண்டு நவம்பரில். விழா மலர்கள் முதலாவதைச் சொல்வதில்லை, நம் துண்டறிக்கைகள் இரண்டாவதைச் சொல்வதில்லை. இரண்டும் ஒரே மண்ணில், ஒரே மக்கள் நடுவில் நடந்தவை.

1968 டிசம்பர் 25 இரவை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே நாகை வட்டாரத்தில், கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் நின்ற மக்களின் சேரியில், ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கீழ்க் கோர்ட் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. எரிந்தவர்கள் எந்தப் பங்கின் பதிவேட்டிலும் இருந்தவர்கள் அல்ல. ஆனாலும் டெல்டாவில் கிறிஸ்துமஸ் இரவை அந்த 44 பேரை நினைக்காமல் கொண்டாட என்னால் முடிந்ததில்லை.

இங்கே ஒன்றைத் திருத்த வேண்டும். தலித் கிறிஸ்தவர்களின் கேள்வி நேற்று முளைத்தது, வெளியிலிருந்து யாரோ தூண்டிவிட்டது என்று சபைக்குள் இன்னும் சொல்கிறார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துப் பாருங்கள். புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. பறையர்கள் ஒரு பக்கம், சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் மறுபக்கம். 1745-இல் காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் கொடுத்த தைரியத்தில், பறையர்கள் திரண்டு பெரிய பாதிரியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எல்லோரையும் ஒன்றாக நடத்த வேண்டாமா, ஆண்டவர் இப்படிப் பிரித்தாரா என்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். எழுதி வைத்தவர் நம் ஆள் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. துரைமார்களின் துபாஷ். அவர் எரிச்சலோடு குறித்து வைத்ததால் நம் முன்னோரின் கேள்வி நமக்குக் கிடைத்திருக்கிறது. வேளாங்கண்ணி தனிப் பங்காவதற்கு 26 ஆண்டுகள் முன்பே, இந்தக் கடற்கரையில் சமத்துவம் கேட்கப்பட்டுவிட்டது.

சுவர் அதோடு தீரவில்லை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைக்குள்ளேயே சுவர் எழுந்தது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதும் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள். கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையத்தில், விழாவில் பங்கில்லை, எங்களிடம் வரி வாங்குவதில்லை என்று தலித் மக்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2003-இல் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டுக்கென்று கொள்கை அறிக்கையே வெளியிட்டது. காகிதத்துக்குக் குறைவில்லை.

சபைக்குள் சாதி உண்டு என்று சபையே ஒப்புக்கொள்கிறது. அரசு ஒப்புக்கொள்ளவில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் விட்டுவிட்டார்கள். சூசை என்ற செருப்புத் தொழிலாளி, தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-இல் தள்ளுபடி ஆனது. தெருவோரம் செருப்புத் தைப்பவர் அந்த ஆதாரத்தை எங்கே போய்த் திரட்டுவார்?

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேலை கேட்கத்தான் இவ்வளவும் சொன்னேன். அந்த ஆதாரத்தில் கொஞ்சம் நம் பங்குகளின் பீரோக்களில் இருக்கிறது. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் பலவற்றில் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியும் எழுதியிருக்கிறது. இறப்புப் பதிவேடு, கல்லறை வரைபடம், தலைக்கட்டு வரி நோட்டு, தேர்ப்பாதைக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த மனுக்கள், சமாதானக் கூட்டத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்கள் எல்லாம் வரலாறுதான். உங்கள் ஊர்ப் பங்கு வெள்ளி விழாவோ நூற்றாண்டோ கொண்டாடும்போது மலர்க் குழுவில் இடம் கேளுங்கள். பங்குத்தந்தையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிப் பதிவேடுகளைப் படமெடுங்கள். இன்று உயிரோடிருப்பவர்களின் பெயர்களை வெளியே விடாதீர்கள். பிறகு பாட்டிகளிடம் உட்காருங்கள். தேர் எந்த வருடம் எந்த முனையில் திரும்பியது என்று அவர்களுக்கு நாள் சொல்லத் தெரியும். மழைக்காலத்துக்கு முன் தொடங்கிவிடுங்கள், டெல்டா ஈரத்தில் கரையான் சீக்கிரம் ஏறிவிடுகிறது.