பெலிஹுல்ஓயாவுக்குப் போன வழி

நம் பாடசாலையின் நூறாண்டு வரலாற்றை இம்மலரில் வேறு சகோதரிகள் எழுதுகிறார்கள். உயர்தரம் முடித்த நம் பிள்ளைகள் அதற்குப் பின் எங்கே போய்ப் படித்தார்கள் என்பதை எழுதும்படி மலர்க் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். நமது மாவட்டத்திலேயே எழுந்த பெலிஹுல்ஓயாக் கல்லூரியைப் பற்றிச் சொன்னால் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அதற்கு முன் கொஞ்சம் பின்னே போகவேண்டும். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பு வழங்கும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம் விட்டது. பத்து வயதோடு பொறுப்பு முடிந்தது. பெண்பிள்ளைக்கு அந்த நாலு வருடமும் முழுதாகக் கிடைத்ததில்லை. தாய் கொழுந்தெடுக்கப் போனால் தம்பி தங்கையைத் தூக்கிவைத்திருக்க வேண்டியவள் அவள்தான். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே நின்றன. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது.

அதே காலத்தில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பின் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து பலர் வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள். வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் அடுத்த தவணைக்கு வரமாட்டாள். ஏன் என்று யாரும் கேட்பதுமில்லை. இருந்தவர்களிலும் பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது. பிறகு எதற்குப் பெண்ணைப் படிக்கவைப்பது என்று தகப்பன் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்த பிறகே அந்தக் கேள்வி ஓய்ந்தது.

இனிக் கல்லூரிக்கு வருகிறேன். 1980களின் கடைசியில் தெற்கில் நடந்த இளைஞர் கிளர்ச்சிக்குப் பின், அதற்கான காரணங்களை ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை தந்தது. அடுத்த வருடமே மாகாணங்களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பல்கலைக்கழகத்துக்குப் போதிய புள்ளி கிடைக்காத உயர்தர மாணவர்களுக்கு வீட்டுக்குக் கிட்டவே இரண்டு வருட டிப்ளோமா, முடித்தவுடன் ஒரு தொழில். இதுவே நோக்கம். அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் நகரில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி முறைக்கு நம் நாட்டில் மிகக் கிட்டிய உறவு இதுதான் என்பேன்.

சப்ரகமுவக் கல்லூரி, சமனலவெவ நீர்மின் திட்டத்தின் பணியாளர்களுக்காகக் கட்டிய கட்டடங்களில் பெலிஹுல்ஓயாவில் தொடங்கியது. ஆனால் இந்தக் கல்லூரிகள் நீண்டநாள் நிலைக்கவில்லை. மாணவர்கள் டிப்ளோமாவை விரும்பவில்லை, பட்டமே வேண்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். வேலை கொடுப்பவர்களும் பட்டத்தைத்தானே கேட்டார்கள். 1995இல் அது சப்ரகமுவ பல்கலைக்கழகமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 1996இல் இயங்கத் தொடங்கியது. புத்தளையில் இருந்த ஊவாக் கல்லூரியும் இதனோடு சேர்ந்தது. இன்று முகாமைத்துவம், பிரயோக விஞ்ஞானம், விவசாயம், புவியளவையியல் என்று பீடங்கள் பெருகி, இரத்தினபுரியில் மருத்துவ பீடமும் இருக்கிறது.

இறக்குவானையிலிருந்து அங்கு போக மாதம்பையில் இறங்கி, கஹவத்தை, பெல்மதுளை, பலாங்கொடை என்று பஸ் மாறவேண்டும். பாதை தூரமில்லை. நம் பிள்ளைகளுக்குத் தூரமாக இருந்தது வேறு. விஞ்ஞானம், கணிதம் இரண்டையும் உயர்தரத்தில் தமிழ்மொழி மூலம் படிக்க மாவட்டத்தில் இடம் அரிது. ஆண்பிள்ளையை ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ அனுப்பிப் படிப்பித்த வீடுகள் உண்டு. பெண்பிள்ளை என்றால் விடுதிச் செலவு ஒருபுறம், ஊர்ப் பேச்சு மறுபுறம். ஆகவே அவள் கலைப்பிரிவிலேயே நின்றாள். மிக மிஞ்சினால் ஆசிரியை ஆவாள். அதற்கென 1990களில் கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது பெரிய காரியம். இன்று தோட்டப் பாடசாலைகளில் சேலையோடு நிற்கும் எத்தனையோ பேர் அங்கே பயின்றவர்கள். ஆனாலும் நம் வீட்டுக்குக் கிட்டிய பல்கலைக்கழகத்தில் பயிர்களைப் பற்றியும் நிலஅளவையைப் பற்றியும் படிக்கும் இடங்கள் இருந்தும், தேயிலைக்குள்ளேயே பிறந்த பெண் அவற்றுக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் இருந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்னொரு குறையும் உண்டு. ஜோலியட் போன்ற இடங்களில் வேலை செய்துகொண்டே படிக்கும் தாய்மார்களும் மாணவிகள்தான். நமது கல்லூரிகளோ உயர்தரத்தை அண்மையில் முடித்தவரையே சேர்த்தன. இருபத்தைந்து வயதில் பிள்ளையோடு நிற்பவளுக்கு 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம்தான் கதவு. அதன் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழை மும்மொழியிலும் படிக்கலாம். நம் தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா பார்த்த ஆயாவின் மகள் இன்று அதே கட்டடத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள் என்றால் அதற்கு இந்தக் கதவும் ஒரு காரணம்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பழைய மாணவியர் பெயர்ப் பட்டியலில் ‘உயர்கல்வி’ என்று ஒரு நிரல் இப்போது இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும் சகோதரிகள் தாம் படித்த இடத்தையும் வருடத்தையும், இடையில் விட்டிருந்தால் அதற்கான காரணத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து செயலாளரிடம் தரவேண்டும்.