அலியோடு நாலு ரவுண்டு

சென்னையில் வளர்ந்தவர்களிடம் முகமது அலி பேச்சை எடுத்தால் போதும், 1980இல் அவர் மெட்ராஸ் வந்த கதையை ஆரம்பித்து விடுவார்கள். நேரு ஸ்டேடியம், முதல்வர் எம்.ஜி.ஆர்., ரிங்கில் அலிக்கு எதிரே ஜிம்மி எல்லிஸ். இந்த எல்லிஸ் அலியின் ஊரான லூயிவில்காரர். பல வருடம் அவரோடு ஸ்பாரிங் செய்தவர், முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியனும் கூட. ஒருவர் கை எப்போது எங்கே வரும் என்று மற்றவருக்கு மனப்பாடம். ஆக, நம் ஊர் பார்த்தது இரண்டு தொழில்காரர்கள் சேர்ந்து போட்டுக் காட்டிய ஆட்டம்.

அதே பயணத்தில் தில்லியில் நடந்தது வேறு. வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, பஞ்சாபி நண்பர்களோடு பழகிய பிறகுதான் அந்தக் கதை எனக்குத் தெரிந்தது.

1980 ஜனவரி 27. நாலு ரவுண்டு காட்சிப் போட்டி. அலிக்கு எதிரே நின்றவர் கௌர் சிங். பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்துக் கிராமத்துக்காரர், ராணுவ வீரர், தேசிய ஹெவிவெயிட் சாம்பியன். ஆனால் அமெச்சூர். சண்டை போட்டு ஒரு பைசா சம்பாதித்தவர் இல்லை.

அமெச்சூருக்கும் தொழில்முறைக்காரருக்கும் என்ன அப்படி வித்தியாசம்? முதலில் கணக்கு. அன்றைய அமெச்சூர் போட்டி மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, மொத்தம் ஒன்பது நிமிடம். தொழில்முறை உலகப் பட்டத்துக்கு 15 ரவுண்டு, 45 நிமிடம். அமெச்சூர் மணி அடித்ததுமே பாய வேண்டும். சுத்தமாக விழும் குத்துகளை எண்ணித்தான் நடுவர்கள் புள்ளி போடுவார்கள். மற்றவருக்கு அவசரமே இல்லை. முதல் சில ரவுண்டுகள் எதிராளியைப் படிப்பார், கட்டிப்பிடித்துத் தன் எடையை அவர் மேல் சாய்ப்பார், விலாவில் குத்திக் குத்திக் காலைச் சோர வைப்பார்.

ஸ்பாரிங்கில் இன்னொரு விஷயமும் சேர்ந்து கொள்கிறது. தன் பலத்தில் எவ்வளவை வெளியே எடுப்பது என்று தீர்மானிப்பவர் பெரியவர்தான். 38 வயதான அலி 1979இலேயே ஓய்வை அறிவித்திருந்தார். அப்படியும் அவருடைய வேகத்தைத்தான் கௌர் சிங் பிற்காலத்தில் வியந்து சொன்னார். வலது கையால் தடுத்துக்கொண்டே இடது கையால் அடிப்பாராம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அலியே ஒரு காலத்தில் கௌர் சிங் நின்ற இடத்தில் நின்றவர். 1950களின் கடைசியில், காஷியஸ் கிளே என்ற பெயரில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, லூயிவில்லுக்குச் சண்டை போட வந்த வில்லி பாஸ்ட்ரானோவோடு ஸ்பாரிங் செய்யக் கேட்டார். பையனின் கை ஓங்குவதைப் பார்த்து பாஸ்ட்ரானோவின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ பாதியிலேயே நிறுத்திவிட்டார். அந்த பாஸ்ட்ரானோ 1963இல் உலக லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். சும்மா ஆள் இல்லை.

ஸ்பாரிங்கில் வெற்றி தோல்வி கிடையாது. அமெச்சூருக்குக் கிடைப்பதெல்லாம் ஓர் அளவுகோல்: நான் எங்கே இருக்கிறேன், அவர் எங்கே இருக்கிறார். அதை வைத்து என்ன செய்ய முடியும் என்பது அவர் பிறந்த ஊரைப் பொறுத்தது. கிளே 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி, அதே வருடம் தொழில்முறைக்குப் போனார். பயிற்சியாளராக வந்தது அதே டண்டீ!

கௌர் சிங்குக்கு அப்படி ஒரு அடுத்த படி இந்தியாவில் இல்லை. இங்கே குத்துச்சண்டை வீரனுக்குச் சோறு போட்டது ராணுவம், ரயில்வே, போலீஸ் வேலைகள்தான். விஜேந்தர் சிங் 2008இல் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கிவிட்டு, 2015இல் தொழில்முறைக்குப் போனதே நமக்குப் பெரிய செய்தியாக இருந்தது. கௌர் சிங் தனக்குத் திறந்திருந்த வழியில் கடைசி வரை போனார். 1982 தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1983இல் பத்மஸ்ரீ, 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். பிறகு ஓய்வு, கிராமம், விவசாயம்.

2017இல் அவர் பெயர் மறுபடி பேப்பரில் வந்தது. இதய சிகிச்சைக்குக் கடன் வாங்கி, அடைக்க முடியாமல் தவிக்கிறார் என்று. அதன் பிறகு ராணுவமும் மத்திய அரசும் உதவின. 2023 ஏப்ரலில் காலமானார். "அலியோடு மோதியவர்" என்றுதான் பல பத்திரிகைகள் தலைப்புப் போட்டன.

எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அலியோடு ஆடிய நாலு ரவுண்டு யாரோ மனது வைத்துக் கொடுத்தது. ஆசியத் தங்கம், எதிரே நின்ற யாரும் ஒரு குத்தைக் கூடக் குறைத்துக்கொள்ளாத ரிங்கில் அவரே அடித்து வாங்கியது.