ஃபேக்டரி, செட்டில்மென்ட், காலனி: செங்கல்பட்டுச் சீமையின் வழியே ஆங்கிலச் சொல்வளம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையில் இருக்கிறது தண்டலம். ஊரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள். சற்றுத் தள்ளி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எனச் சிப்காட் வளாகங்கள். இங்குப் படிக்கும் மாணவருக்கு ஆங்கிலச் சொல்வளம் என்பது பெரும்பாலும் பிளேஸ்மென்ட் தேர்வுக்கு முன் உருப்போடும் ஒரு பட்டியல். தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துபோகிறது. ஒரு சொல் ஏன் இத்தனை பொருள்களில் வழங்குகிறது என்ற கேள்வி வகுப்பில் எழுவதே இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தண்டலம் இருக்கும் நிலப்பகுதியின் காலனிய வரலாறே போதும் என்பது இக்கட்டுரையின் வாதம். ஆனால் நம்மிடமிருந்து ஆங்கிலம் கடன்வாங்கிய சொற்களை அடுக்குவது அதற்கு வழியாகாது. ஆங்கிலத்தில் முன்பே இருந்து, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியிலும் அதன் பின்னும் இந்த மண்ணில் பொருள் திரிந்த சாதாரணச் சொற்களைத் தொடர்வதே பயன் தரும்.

கொடைப் பட்டியலின் குறைகள்

கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த கொடை என்ற பட்டியல் பள்ளி ஆண்டுமலர் முதல் பட்டிமன்றம் வரை வலம்வருகிறது. செய்தி மெய்தான், கற்பித்தலுக்கு அது போதாது. இவை பெரும்பாலும் அடுக்களையையும் கடற்கரையையும் சேர்ந்த பெயர்ச்சொற்கள். ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைப்பதில்லை. பத்துச் சொல்லைப் படித்தவருக்குப் பத்துதான் மிஞ்சும்.

ஒலி ஒப்புமை தவறான வழிக்கும் இழுக்கும். ‘கேஷ்’ என்பதை எடுத்துக்கொள்வோம். 1818 வரை சென்னையில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இந்தச் சில்லறை நாணயத்தின் பெயர் நம் ‘காசு’, போர்த்துகீசியர் வாய்வழி ஆங்கிலத்துக்குப் போனது. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு சொல். பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருந்தாலும் பிறப்பு வேறு.

இந்தப் பட்டியல் கூச்சத்தோடு கடந்துபோகும் சொல்லும் ஒன்று உண்டு. பறையர் என்ற சாதிப் பெயர் ஆங்கிலத்தில் ‘பறையா’ என ஆகி, ஒதுக்கப்பட்டவர் என்ற பொதுப்பொருளில் நிலைத்துவிட்டது. உலக நாடுகள் விலக்கிவைத்த அரசைப் ‘பறையா அரசு’ என்று இன்றும் ஆங்கில நாளேடுகள் எழுதுகின்றன. ஒரு மக்கள்கூட்டத்தின் பெயர் வசையாக மாறி ஏற்றுமதியானதைக் கொடைக்கணக்கில் எழுத முடியாது. அதை வரலாற்றோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

ஃபேக்டரி: கிடங்கிலிருந்து ஆலைக்கு

தண்டலத்து மாணவர் நாள்தோறும் சொல்லும் சொல் இது. 1611-இல் மசூலிப்பட்டினத்தில் ஆங்கிலேயர் ஃபேக்டரி தொடங்கினர் என்று பாடநூலில் படிக்கும் மாணவர், புகைபோக்கியும் இயந்திரமும் கொண்ட ஆலையைக் கற்பனை செய்துகொள்கிறார். அங்கே எதுவும் உற்பத்தியாகவில்லை. லத்தீனில் ‘செய்’ என்னும் வினையிலிருந்து வந்த ‘ஃபேக்டர்’, பிறருக்காகக் காரியம் செய்யும் முகவரைக் குறித்தது. கம்பெனி ஊழியத்தில் ரைட்டருக்கு மேல்படி ஃபேக்டர். அவர் தங்கிச் சரக்கைச் சேர்த்துவைத்த இடம் ஃபேக்டரி. துணி நெய்யப்பட்டது நெசவாளரின் வீட்டுத் தறியில். முன்பணம் கொடுத்து அதை வாங்கிக் கப்பலேற்றுவதே ஃபேக்டரியின் வேலை; பேச்சுக்கும் பேரத்துக்கும் இடையில் நின்றவர் துபாஷி.

இயந்திர நூற்பாலைகள் பெருகிய பிறகே உற்பத்தி நடக்கும் கட்டடம் என்பது இச்சொல்லின் முதற்பொருளாயிற்று. 1881-இல் இந்தியாவுக்கு முதல் ஃபேக்டரி சட்டம் வந்தபோது கிடங்கு என்ற பழம்பொருள் வழக்கிழந்திருந்தது. இந்தப் பாதையைத் தெரிந்துகொண்ட மாணவருக்கு ஒரு குடும்பமே வசமாகிறது. மேனுஃபேக்சர் என்பது கையால் செய்தல். எந்திரக்கை வண்டி பூட்டும் ஒரகடத்திலும் அந்தக் ‘கை’ சொல்லுக்குள் இருக்கிறது. விளைவை உண்டாக்கும் கூறு என்ற பொருளில் பவர் ஃபேக்டரும் சேஃப்டி ஃபேக்டரும் அதே வேரில் நிற்கின்றன.

செட்டில்மென்ட்: ஒரு சொல், பல ஆவணங்கள்

1639-இல் கிடைத்த மணல்வெளியில் எழுந்த புனித ஜார்ஜ் கோட்டையும் அதைச் சுற்றிய குடியிருப்பும் கம்பெனி ஏடுகளில் ஒரு செட்டில்மென்ட். வந்து தங்கிய இடம் என்பது பொருள். 1763-இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக விட்டார். தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலத்தையும் குடிகளையும் கணக்கெடுத்தார். 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பில், பொள்ளிலூர்ப் போர் நடந்த அந்த ஆண்டில், குடிகள் ஊரைவிட்டு ஓடினர். உழுவோரைத் திரும்ப அழைத்து நிலைநிறுத்துவது அடுத்துவந்த நிர்வாகத்தின் தலையாய வேலையானது. இங்கே ‘செட்டில்’ செய்யப்பட்டவர்கள் வந்தேறிகள் அல்லர், உள்ளூர்க் குடிகள்.

1802-இல் கம்பெனி இச்சீமையை மிட்டாக்கள் எனும் வரிவசூல் பகுதிகளாகப் பிரித்து ஏலம்விட்டு நிரந்தர வரித்திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் பெயரும் செட்டில்மென்ட்தான். சில ஆண்டுகளிலேயே நிலுவை ஏறிப் பல மிட்டாக்கள் அரசின் கைக்கே திரும்பின, ‘நிரந்தரம்’ நிலைக்கவில்லை. அரசுக்கு எவ்வளவு, குடிக்கு எவ்வளவு என்று வரையறுக்கும் கணக்கு என்ற பொருள் மட்டும் வருவாய்த்துறையில் தங்கிவிட்டது. மனை வாங்குமுன் ஆர்.எஸ்.எல்.ஆர். நகல் கேட்பவர், மறு செட்டில்மென்ட் நிலப்பதிவேட்டைத்தான் கேட்கிறார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் தந்தை மகளுக்கு எழுதிவைப்பது தான செட்டில்மென்ட். ஆலை வாயிலில் தொழிற்சங்கத்தார் ‘12(3) செட்டில்மென்ட்’ என்றது, 2025 வரை நடப்பிலிருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டப்படி சமரச அதிகாரி முன்னிலையில் ஏற்பட்ட உடன்பாடு. 2014-இல் நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது இந்த வட்டாரத்தில் அதிகம் புழங்கியது இன்னொரு செட்டில்மென்ட்: வேலையைவிட்டுப் போகிறவருக்குக் கணக்கு முடித்துக் கொடுக்கும் தொகை. ஊன்றுவதைக் குறித்த சொல்லே கணக்குத் தீர்த்து அனுப்புவதையும் குறிக்கிறது. பதிவேட்டு நகல், தானப் பத்திரம், 12(3) ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் மேசைமேல் வைத்து, மூன்றிலும் நிலையற்றிருந்த எது நிலைப்படுத்தப்பட்டது என்று கேட்டால் மாணவர் பொருளைத் தாமே வருவித்துவிடுவார்.

காலனி: உழுதவரும் ஒதுக்கப்பட்டவரும்

லத்தீனில் ‘கொலோனியா’ என்பது வென்ற நிலத்தில் ரோமானியர் அமைத்த குடியிருப்பு. ‘கொலோனுஸ்’ என்பவர் உழவர். ஜெர்மனியின் கொலோன் நகரம் அந்தப் பெயரை இன்றும் சுமக்கிறது. கல்டிவேஷன், கல்ச்சர், அக்ரிகல்ச்சர் ஆகியவை இதன் உடன்பிறப்புகள். ஐரோப்பியர் கடல்கடந்து பிறர் நிலத்தில் குடியேறியபோது சொல்லுக்கு அரசியல் பொருள் ஏறியது.

தமிழ்நாட்டில் இச்சொல் இரண்டாகப் பிரிந்தது. நகரத்தில் ரயில்வே காலனி என்றால் வரிசையாகக் கட்டிய குடியிருப்பு. கிராமத்தில் ‘காலனி’ என்றால் சேரி. 1920-களிலிருந்து அன்றைய சென்னை மாகாணத் தொழிலாளர் துறையும் பிற்காலத்து வீட்டுவசதித் திட்டங்களும் தலித் மக்களுக்கு மனை ஒதுக்கின. ஊருக்கு வெளியே என்ற பழைய எல்லைக்கு அரசாங்கப் பெயர்ப்பலகை கிடைத்தது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க வந்த ஆணையும் இந்தச் சீமையில் உழுதவர் யார், நிலம் யாரிடம் என்பதைப் பதிவுசெய்தவை. சொல்லின் வேர்ப்படி ‘காலனி’ உழவருடையது. இங்கே தலைமுறைகளாக உழுதும் நிலம் இல்லாதவரின் தெருவுக்கே அப்பெயர் வாய்த்தது. இழிவின் அடையாளமாகிவிட்ட ‘காலனி’ அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அகராதிப் பொருளை மட்டும் படித்தவருக்கு இந்த அறிவிப்பின் காரணம் விளங்காது.

இந்த முறைக்கு ஒரு முன்னோடி

நிலவரலாற்றின் வழியே பிறமொழிச் சொல்லைக் கற்பது இங்கே புதிதல்ல. 1812-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி உருவாகக் காரணமான கம்பெனி அதிகாரி எல்லிஸ், 1818-இல் மிராசு உரிமை பற்றி ஒரு நூல் எழுதினார். காணி, மிராசு, வாரம் போன்ற சொற்களை அகராதியோடு விடாமல் பழைய சாசனங்களிலும் ஊர்வழக்கிலும் தேடிப் பொருள் கண்டார். ஆளவந்தவர் நம் சொல்லைக் கற்ற முறையில், அவர் விட்டுச்சென்ற சொல்லை நாம் கற்பதற்குத் தடையில்லை. நோக்கம்தான் வேறு: அவருக்கு வரி வேண்டும், மாணவருக்குத் தெளிவு வேண்டும். இச்சீமையை ஆராய்ந்த யூஜின் இர்ஷிக், காலனியக் கருத்தாக்கங்கள் மேலிருந்து மட்டும் திணிக்கப்பட்டவை அல்ல, அதிகாரிகளும் உள்ளூராரும் நடத்திய உரையாடலில் உருவானவை என்கிறார். அதை ஏற்றால் இந்த ஆங்கிலச் சொற்களின் பொருளில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு.

இரு மறுப்புகள்

வேரைச் சொல்லிப் பொருளை நிறுவுவது பிழையல்லவா என்று கேட்கலாம். வேர் இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை என்பது உண்மை. ‘காலனி’யே அதற்குச் சான்று. இம்முறை வேரோடு நிற்பதில்லை. பொருள் எந்த ஆண்டில், எந்த ஆவணத்தில், யாருடைய தேவைக்காகத் திரும்பியது என்று பார்க்கிறது. முறுக்குவிசையைக் குறிக்கும் டார்க், கன்வேயர் போன்ற சொற்களுக்கு இந்த வரலாறு உதவாதே என்பது அடுத்த மறுப்பு. உதவாதுதான். ஆனால் தொழில்நுட்பச் சொற்களை மாணவர் பணிமனையிலேயே கற்றுவிடுகிறார். அவரைத் தடுமாறவைப்பவை ஒப்பந்தத்திலும் சுற்றறிக்கையிலும் பத்திரத்திலும் வரும் பலபொருள் சொற்கள். அவற்றில் கணிசமானவை நிலம், வரி, வணிகம் ஆகியவற்றின் நிர்வாகத்தில் பழகியவை.

ஆகவே இவ்வட்டாரக் கல்லூரிகளின் ஆங்கிலப் பாடத்தில் சொற்பட்டியலுக்குப் பதில் ஆவணக்கட்டு ஒன்று இடம்பெற வேண்டும். ஃபேக்டரி, செட்டில்மென்ட், காலனி மூன்றோடு தொடங்கினால் போதும். அந்த ஆவணங்கள் மாணவரின் வீட்டுப் பெட்டியிலும் கிராம நிர்வாக அலுவலகத்திலும் சங்க அறையிலும் உள்ளன. நாளை பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், அதிலுள்ள ‘செட்டில்மென்ட்’ இவற்றுள் எது என்று கேட்கத் தெரிந்தவரையே ஆங்கிலம் கற்றவர் எனலாம்.