நீரும் காபனும் நிலவுடைமையும்

நீர் கடலிலிருந்து முகிலாகி, மழையாகி, ஆறாகி மீண்டும் கடலையடைகிறது. காபனும் அவ்வாறே காற்றிலிருந்து இலைக்கும், இலையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து மீண்டும் காற்றுக்கும் செல்கிறது. இவ்விரு சுற்றுக்களையும் மனித சமுதாயத்துக்கு அப்பாற்பட்ட இயற்கை நிகழ்ச்சிகளாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். ஆயின், இலங்கை மலைநாட்டின் வரலாற்றை நோக்குவோமாயின், இவற்றின் போக்கை நிலவுடைமையும் நிர்ணயித்தது என்பது புலனாகும்.

இரு சுற்றுக்களும் காட்டிலே ஒன்றையொன்று சந்திக்கின்றன. இலைவாய்களின் வழியே மரம் காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கிறது. அவ்வாய்களின் வழியாகவே நீராவியை வெளிவிடுகிறது. உதிர்ந்த இலைகள் உக்கி மண்ணோடு கலக்கின்றன. காபன் செறிந்த இவ்வுக்கல் மண் மழைநீரை உறிஞ்சி வைத்து, ஊற்றுக்களாகச் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய கங்கைகள் இத்தகைய மலைக்காடுகளிலேயே ஊற்றெடுக்கின்றன.

1840 ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சியினர் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டத்தை இயற்றினர். உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று அது கொண்டது. கண்டிக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகச் சேனைக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுத்திய நிலங்கள் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. மரங்களை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, தீ மூட்டுவதே அவர்கள் கையாண்ட முறை. நெடுங்காலமாக மரங்களிற் சேர்ந்திருந்த காபன் சில நாட்களிற் புகையாயிற்று. புல்லும் இல்லாமற் களை பிடுங்கப்பட்ட சரிவுகளிலிருந்து மேல்மண் மழையோடு ஆறுகளுக்குச் சென்றது.

1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. 1873 இல், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளரான ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைப் பாதுகாக்குமாறு அறிவுறுத்தினார். ஹோட்டன் சமவெளிக் காடுகள் எஞ்சியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆகவே, காட்டுக்கும் நீருக்குமுள்ள தொடர்பை ஆட்சியாளர் அறியாதவரல்லர். இலாபம் தந்த உயரத்தில் அவ்வறிவு செயற்படவில்லை, அவ்வளவே.

காட்டை விற்றவரும் வாங்கியவரும் அதன் விளைவை அனுபவிக்கவில்லை. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் சந்ததியினரே அச்சரிவுகளில் வாழ்கின்றனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவர் காணி கேட்பது எங்ஙனம்? 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பெருமழையே உடனடிக் காரணம். ஆனால், சரிவின் கீழ் அந்த லயங்களைக் கட்டுவித்தவர்கள் அவற்றில் வாழ்ந்தவர்களல்லர்.

ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958 இல் அளவீடு தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. இன்று அது 420ஐக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் இதற்குத் தலையாய காரணங்கள். காடழிப்பும் ஒரு காரணம். வெப்பமுற்ற காற்று அதிக நீராவியைத் தாங்குவதால் பெருமழை மேலும் கடுமையாகிறது. தொலைவிலுள்ள ஆலைகளின் புகை, லயத்தின் கூரைமேல் மழையாக இறங்குகிறது.

மரநடுகை விழாக்கள் மட்டும் இதற்குப் போதா. சரிவுகளிற் காடு மீள வேண்டுமாயின், அங்கு வாழ்வோருக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் உரிமையாதல் வேண்டும். நீர்ச்சுற்றைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர்கள், மலைக்கும் ஆற்றுக்கும் இடையே ஒரு லயத்தையும் வரைந்து காட்டுவார்களாக.