ஹோஷங்காபாத் கற்பித்த பாடம்

மார்கழி மாதத்தில் ஒரு நாள். பிக்ஹு வகுப்பில் தொழுகை நேரங்களைப் பற்றிய பாடத்தை ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சூரியன் உச்சி சாய்ந்ததும் ளுஹருடைய நேரம் தொடங்குகிறது. குறுகிக்கொண்டே வந்த நிழல் மீண்டும் நீளத் தொடங்குவதைக் கொண்டு அதனை அறியலாம். நான் சிறுவனாக இருந்தபோது ஓதிய பாடம் இது. பின்னர் எத்தனையோ ஆண்டுகள் ஓதிக்கொடுத்த பாடமும் கூட. அன்று ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், உச்சிப்பொழுதில் நிழலே இருக்காதல்லவா? இல்லாத நிழல் எப்படி நீளும்?" என்று கேட்டான்.

விடை கிதாபிலேயே இருந்தது. உச்சிப்பொழுதிலும் எஞ்சி நிற்கும் நிழலைப் பற்றி இமாம்கள் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனை எடுத்துச் சொல்லி அவனை அமரச் செய்திருக்கலாம். ஏனோ அன்று அப்படிச் செய்ய மனம் வரவில்லை. முற்றத்தில் ஒரு முழக் குச்சியை நட்டோம். நிழலின் நுனியைச் சிறிது நேரத்திற்கு ஒருமுறை கரித்துண்டால் குறித்தோம். கடிகாரம் பன்னிரண்டு அடித்த பின்னரும் நிழல் குறுகிக்கொண்டுதான் இருந்தது. பத்து நிமிடங்கள் அளவில் கழிந்த பிறகே அது நீளத் தொடங்கியது. மிகக் குறுகிய அந்த நிழலை அளந்தால், குச்சியில் பாதிக்கும் அதிகமாக இருந்தது! பிள்ளைகள் வியந்தார்கள். உண்மையைச் சொல்வதானால், அவர்களைவிட அதிகம் வியந்தவன் நான்தான். இத்தனை ஆண்டுகள் நிழலைப் பற்றி ஓதியவன், ஒருநாளும் நிழலைப் பார்க்கவில்லையே!

மனனக் கல்வியை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டா. திருமறையை நெஞ்சில் தாங்கிக் காத்துவந்த சமுதாயம் நாம். ஆனால் மொழியை மனனம் செய்வது வேறு. இலையையும் நிழலையும் மனனம் செய்வது வேறு. கண்முன் இருக்கும் பொருளைக் காணாமல், அதைப் பற்றிய வாக்கியத்தை மட்டும் ஒப்பிக்கும் பிள்ளை எதை அறிந்ததாகக் கொள்வது? இந்தக் கேள்வியை நம் நாட்டிலேயே சிலர் எழுப்பி, முப்பது ஆண்டுகள் அதற்கு விடை தேடினார்கள். அவர்கள் கண்ட வெற்றியும் அடைந்த முடிவும் நம் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டியவை.

நர்மதைக் கரையில்

மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஆற்றின் தென்கரையில் அமைந்த ஊர் ஹோஷங்காபாத். 15ஆம் நூற்றாண்டில் மாளவத்தை ஆண்ட சுல்தான் ஹோஷங் ஷாவின் பெயரைத் தாங்கிய ஊர் அது. 2022இல் அவ்வூரின் பெயர் நர்மதாபுரம் என மாற்றப்பட்டது. நாம் கூறவரும் முயற்சி பழைய பெயராலேயே அறியப்படுவதால், நாமும் அப்பெயரையே வழங்குவோம்.

1972ஆம் ஆண்டு இரண்டு தொண்டு அமைப்புகள் மாநில அரசை அணுகின. ஒன்று, ரசூலியாவில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் நிறுவிய ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர். மற்றொன்று, பன்கேடி வட்டாரத்தில் தோன்றிய கிஷோர் பாரதி. பின்னதன் பின்னணியில் இருந்தவர் அனில் சத்கோபால். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானியாகப் பணியாற்றியவர். அந்தப் பணியைத் துறந்து கிராமத்துக்கு வந்தவர்.

அவர்கள் கேட்டது பணமன்று, அனுமதி. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், பிள்ளைகள் தாமே செய்து பார்த்துக் கற்கும் முறையில் அறிவியலைக் கற்பிக்க விட வேண்டும் என்பதே அவர்களது வேண்டுகோள். அரசு இசைந்தது. 16 நடுநிலைப் பள்ளிகளில் பணி தொடங்கியது. இவை செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் தனியார் பள்ளிகள் அல்ல. ஆய்வுக்கூடம் என்ற பேச்சுக்கே இடமில்லாத சாதாரணக் கிராமப் பள்ளிகள். டாட்டா நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அங்கு வந்து, கிராமத்து ஆசிரியர்களோடு ஒன்றாக அமர்ந்து பாடங்களை உருவாக்கினார்கள். வகுப்பில் நடத்திப் பார்த்து, பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே பாடத்தைத் திருத்தினார்கள். பிள்ளை தடுமாறினால் பிழை பிள்ளையிடம் அன்று, பாடத்தில் என்று கொண்ட மனப்பான்மை எவ்வளவு உயர்ந்தது!

இலையும் வேரும்

அந்த வகுப்பு எப்படி நடந்தது என்பதை ஒரு பாடத்தைக் கொண்டு விளக்கலாம். பிள்ளைகள் நால்வர் நால்வராகக் குழுவாய் அமர்வார்கள். 'பால் வைஞானிக்', அதாவது 'சிறுவர் விஞ்ஞானி' என்னும் பெயருடைய அவர்களது பாடநூல் விடைகளைத் தருவதில்லை. செய்ய வேண்டியதைச் சொல்லும், பிறகு கேள்வி கேட்கும். விடையை எழுத வேண்டியது பிள்ளையின் சொந்தக் குறிப்பேட்டில்.

இலையும் வேரும் பற்றிய பாடம் ஒன்று. பிள்ளைகள் வயலுக்கும் வரப்புக்கும் செல்கிறார்கள். புல், கோதுமை, சோளம், கடலை, கடுகு எனக் கிடைத்த செடிகளை வேரோடு பிடுங்கி வருகிறார்கள். இலையின் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றனவா, வலைபோலப் பின்னியுள்ளனவா என்று பார்க்கிறார்கள். வேர் ஒரே ஆணிபோல இறங்குகிறதா, கொத்தாகச் சிதறுகிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டையும் அட்டவணையில் குறிக்கிறார்கள். சற்று நேரத்தில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. இணை நரம்புள்ள செடிக்குச் சல்லி வேர். வலை நரம்புள்ள செடிக்கு ஆணி வேர். இதனை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மண்ணுக்கடியில் மறைந்திருக்கும் வேர் எத்தகையது என்பதை, மேலே அசையும் இலையைக் கொண்டே கூறிவிடும் ஆற்றல் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கைவருகிறது!

சேம்பைப்போல அந்த ஒழுங்குக்கு அடங்காத செடிகளும் உண்டு. மனனம் செய்த பிள்ளைக்கு விதிவிலக்கு ஒரு தொல்லை. தானே விதியைக் கண்டறிந்த பிள்ளைக்கோ அது அடுத்த தேடலின் வாயில்.

தீக்குச்சியும் சைக்கிள் டியூபும்

அறிவியல் என்றாலே விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். அதனையும் ஹோஷங்காபாத் உடைத்தெறிந்தது. 1978இல் அரவிந்த் குப்தா என்ற இளம் பொறியாளர், தாம் பணிபுரிந்த மோட்டார் தொழிற்சாலையில் விடுப்புப் பெற்று அங்கு வந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்றவர் அவர். சைக்கிள் கடையில் மலிவாகக் கிடைக்கும் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அவற்றின் துளைகளில் தீக்குச்சிகளைச் செருகி உருவங்கள் அமைக்கும் முறையை அவர் வகுத்தார்.

விளையாட்டுப்போலத் தோன்றும் இதில் பொறியியலின் அடிப்படையே அடங்கியிருக்கிறது. நான்கு குச்சிகளால் ஒரு சதுரம் செய்து விரலால் தள்ளினால் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணம் செய்து தள்ளினால் அது அசையாது. சதுரத்தின் குறுக்கே ஒரு குச்சியைப் பொருத்தினால் அதுவும் இரண்டு முக்கோணங்களாகி உறுதிபெறும். ரெயில் பாலத்திலும் ஓட்டு வீட்டுக் கூரையின் சட்டத்திலும் முக்கோணங்கள் ஏன் நிறைந்துள்ளன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

தெரியாது என்னும் துணிவு

இத்தகைய வகுப்பில் பிள்ளையைவிட ஆசிரியருக்கே சோதனை அதிகம். செடியைப் பிடுங்கி வரும் பிள்ளை, புத்தகத்தில் இல்லாத செடியையும் கொண்டுவருவான். எவரும் எதிர்பாராத கேள்வியையும் கேட்பான். அதற்காகவே ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் ஏறத்தாழ மூன்று வாரப் பயிற்சி நடந்தது. அங்கே அவர்கள் சொற்பொழிவு கேட்கவில்லை. பிள்ளைகளைப்போலவே குழுவாக அமர்ந்து ஒவ்வொரு சோதனையையும் செய்து பார்த்தார்கள். பின்னர் மாதந்தோறும் கூடி, வகுப்பில் எழுந்த இடர்ப்பாடுகளை ஒருவருக்கொருவர் எடுத்துரைத்தார்கள்.

பிள்ளைகளுக்காக 'சவாலிராம்' என்றொரு கற்பனை மனிதரையும் உருவாக்கினார்கள். எந்தக் கேள்வியையும் அவருக்குக் கடிதமாக எழுதலாம். இந்தியில் சவால் என்றால் கேள்வி. அது நாம் வழங்கும் 'ஸுஆல்' என்ற அரபுச் சொல்லேயன்றி வேறன்று. கேள்வியையே பெயராகச் சூடிய மனிதர்!

தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று மாணவர்முன் ஒப்புக்கொள்வது ஆசிரியருக்கு இழுக்கன்று என்பதே இம்முறையின் உயிர்நாடி. நமக்கு இது புதிதா, என்ன? இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஒருமுறை 48 கேள்விகள் கேட்கப்பட்டன என்றும், அவற்றுள் 32க்கு 'லா அத்ரீ' – 'நான் அறியேன்' – என்றே அவர்கள் விடை பகர்ந்தார்கள் என்றும் அறிஞர்கள் பதிந்துள்ளனர். மதீனாவின் மாபெரும் இமாமுக்குக் குறைவாகத் தோன்றாத ஒன்று, பிரம்பும் கரும்பலகையும் உடைய நமக்கு ஏன் குறைவாகத் தோன்ற வேண்டும்?

தேர்வும் முடிவும்

கற்பிக்கும் முறையை மாற்றிவிட்டுத் தேர்வைப் பழையபடியே வைத்திருந்தால் எல்லாம் வீணாகிவிடும். இதனை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்தார்கள். ஆகவே எட்டாம் வகுப்பின் அறிவியல் தேர்வில் பிள்ளை தன் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்று ஏற்பாடாயிற்று. அத்துடன் செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகத்தைத் திறந்தாலும் விடை கிடைக்காத கேள்விகளே கேட்கப்பட்டன. நினைவை அன்று, சிந்தனையைச் சோதித்த தேர்வு அது.

1978இல் இத்திட்டம் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. 1982இல் 'ஏகலவ்யா' என்ற அமைப்பு தோன்றி இப்பொறுப்பை ஏற்றது. நாளடைவில் பத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் பல நூறு பள்ளிகளை அது எட்டியது. எனினும் மாநிலம் முழுவதும் பரவவில்லை. பின்னர் 2002ஆம் ஆண்டு வந்தது. மாவட்டத் திட்டக் குழு இதனை நிறுத்தக் கோரியது. மாநில அரசும் நிறுத்தியது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அறிஞர்கள் மன்றாடினார்கள், பயனில்லை. முப்பது ஆண்டு உழைப்பு முடிவுக்கு வந்தது.

ஏன்? குறை கூறியவர்களின் வாதத்தையும் நாம் நேர்மையோடு கேட்க வேண்டும். மாநிலத்தின் பிற பிள்ளைகள் ஒரு புத்தகம் படிக்க, இவர்கள் மட்டும் வேறொன்றைப் படித்தார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புகளிலோ மீண்டும் மனனப் பாடமே காத்திருந்தது. தம் பிள்ளை அங்கே பின்தங்கிவிடுமோ என்று பெற்றோர் அஞ்சினார்கள். ஏழையின் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் ஒரே ஏணி; அந்த அச்சத்தை அறியாமை என்று நான் ஒதுக்க மாட்டேன்.

ஆயினும் ஒன்று கேட்க வேண்டும். பார்த்துச் சொல் என்று எட்டாம் வகுப்புவரை பழக்கிய பிள்ளையை, ஒன்பதாம் வகுப்பில் சொன்னதைச் சொல் என்று அடக்கிவிட்டு, அவன் தடுமாறினால் பழியை எட்டாம் வகுப்பின்மீது சுமத்துவது நீதியாகுமா? மேல்வகுப்பைத் திருத்தியிருக்கலாம், செய்யவில்லை. ஏனெனில் ஒரு திட்டத்தை நிறுத்த ஓர் ஆணை போதும்; ஒரு தேர்வு முறையைத் திருத்தவோ ஒரு தலைமுறையின் மனம் மாற வேண்டும்.

விதை முற்றிலும் அழிந்துவிடவில்லை. 2005இல் வெளிவந்த தேசியப் பாடத்திட்ட வரைவு, மனனச் சுமையிலிருந்து கல்வியை விடுவிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் யஷ் பால், ஹோஷங்காபாத் முயற்சிக்கு ஆதரவு தந்தவர். தீக்குச்சி உருவங்களும் பல மொழிகளில் சிறுவர்களைச் சென்றடைந்தன. ஆனால் அந்தக் கிராமத்துப் பள்ளிகளில் வரப்போரம் குனிந்து வேரைப் பார்த்த பிள்ளைகளின் வகுப்பு திரும்பவில்லை.

பெற்றோர்களே! அரசு ஆணைகள் நம் கையில் இல்லை. ஆனால் மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி நம் கையில்தான் இருக்கிறது. 'எத்தனை மதிப்பெண்?' என்று கேட்கிறோம். அதை விட்டுவிட வேண்டா. அத்துடன், 'இன்று எதைப் பார்த்தாய்?' என்றும் கேட்கலாமல்லவா? ஹோஷங்காபாத் வீழ்ந்தது வகுப்பறையில் அன்று. வகுப்பறைக்கு வெளியே அக்கேள்வியைக் கேட்பவர் போதாமையால்தான்.

முற்றத்தில் நட்ட அந்தக் குச்சியை நாங்கள் பிடுங்கிவிடவில்லை. ஆனி மாதம் மீண்டும் அளந்தோம். மார்கழியில் வடக்கே விழுந்த உச்சிப்பொழுது நிழல், இப்போது தெற்கே விழுந்திருந்தது. "இது ஏன் ஹஜ்ரத்?" என்று அதே மாணவன் கேட்டான். 'லா அத்ரீ' என்றேன். "ஆவணிவரை அளந்துகொண்டே வருவோம், அதற்குள் உனக்கே தெரிந்தாலும் தெரிந்துவிடும்" என்று கூறி, கரித்துண்டை அவன் கையிலேயே கொடுத்தேன்.