வாய்க்காலுக்கு ஓர் அரசாங்கம்

ஆறு பக்கத்தில ஓடுது, வயல் காயுது. 1880களில் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் இருந்த சிறு விவசாயிகளின் நிலை இதுதான். சியாரா நெவாடா மலைகளில் உருகிய பனி துவாலமி ஆற்றில் இறங்கி அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அவர்களோ மழையை நம்பிக் கோதுமை விதைத்தார்கள். தண்ணீரைத் தூரத்துக் காணிகளுக்குக் கொண்டுபோக அவர்களிடம் காசும் இல்லை, சட்டமும் துணைக்கு இல்லை.

சட்டம் எண்டால், இங்கிலாந்தில் இருந்து வந்த கரையோர உரிமை. யாருடைய காணி ஆற்றைத் தொடுகிறதோ, அவருக்குத்தான் ஆற்று நீரில் முதல் உரிமை. 1886இல் லக்ஸ் எதிர் ஹகின் வழக்கில் கலிபோர்னியாவின் உயர் நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. வென்ற மில்லர் அன்ட் லக்ஸ் ஒரு பிரமாண்டமான மாட்டுப்பண்ணை நிறுவனம். தோற்ற ஹகினும் ஏழையில்லை. இரண்டு பெரும் முதலாளிகளின் சண்டைதான், ஆனா தீர்ப்பின் பாரம் சின்ன ஆக்களின்ர தலையில இறங்கினது.

அடுத்த வருடமே, 1887 மார்ச்சில், மொடெஸ்டோ ஊர்ச் சட்டத்தரணி சி. சி. ரைட் சட்டசபையில் முன்வைத்த சட்டம் நிறைவேறியது. நாங்கள் இந்தக் கட்டுரையை எழுத இந்த ரைட் சட்டம்தான் காரணம். 50 காணி உரிமையாளர்கள், அல்லது ஒரு பகுதியின் காணி உரிமையாளர்களில் பெரும்பான்மையானவர்கள், மனுக் கொடுக்கலாம். பிறகு வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் ஒரு ‘நீர்ப்பாசன மாவட்டம்’ பிறந்துவிடும். எங்கட பிரதேச சபை மாதிரி எண்டு நினைத்தால் பாதி சரி. தெரிவுசெய்யப்பட்ட ஐந்து பணிப்பாளர்கள் அதை நடத்துவார்கள், ஆனா வேலை ஒண்டே ஒண்டு: தண்ணீர்.

ஒரு வேலைதான் எண்டாலும் கையில இருந்த அதிகாரம் சின்னனில்லை. அணைக்கும் வாய்க்காலுக்கும் தேவையான காணியை, ஏன், தண்ணீர் உரிமையையும்கூட, இழப்பீடு கொடுத்துச் சுவீகரிக்கலாம். கரையோர உரிமை என்ற பூட்டுக்குச் சாவி இதுதான். மக்கள் வாக்களித்துச் சம்மதித்தால் பிணைமுறி விற்றுக் கடன் எடுக்கலாம். அந்தக் கடனை அடைக்க எல்லைக்குள் இருக்கும் காணிகள் எல்லாவற்றுக்கும் வரி போடலாம். “எனக்குத் தண்ணீர் வேண்டாம்” எண்டு சொன்னவருடைய காணிக்கும் வரி உண்டு. கட்டாவிட்டால் காணி ஏலத்துக்குப் போகும்.

பெரிய கோதுமைக்காரர்கள் கொதித்தெழுந்தது இதாலதான். ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவருக்கும் ஒரு வாக்கு, ஊருக்குள் சின்னக் கடை வைத்திருந்தவருக்கும் ஒரு வாக்கு. வரியோ காணிப் பெறுமதிக்கு ஏற்றபடி. மொடெஸ்டோவில் நீர்ப்பாசனத்தை எதிர்த்தவர்களே பணிப்பாளர் சபையைப் பிடித்து வேலையை முடக்கினார்கள். அழகான தந்திரம் எண்டுதான் சொல்லவேணும்!

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அது ஃபால்புரூக் எதிர் பிராட்லி வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. மரியா கிங் பிராட்லி, சான் டியாகோப் பகுதியில் காணி வைத்திருந்த பிரித்தானியப் பிரஜை. தன் காணிக்கு விதித்த வரியைக் கட்ட மறுத்தார். சிலருடைய வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது எப்படிப் பொதுத் தேவையாகும் என்பதே வாதத்தின் மையம். 1895இல் கீழ் நீதிமன்றத்தில் நீதிபதி ரொஸ் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டில் மாவட்டத்துக்காக வாதாட வந்தவர் யார் தெரியுமோ? முன்னாள் ஜனாதிபதி பென்ஜமின் ஹரிசன். 1896 நவம்பரில், வறண்ட நிலத்தை விளைய வைப்பது பொதுப் பயன்தான், சட்டம் செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவெடுத்தார்கள். பிரதம நீதியரசர் ஃபுல்லரும் ஃபீல்டும் உடன்படவில்லை.

எங்களுக்குத் தீர்ப்பு சரி எண்டே படுது. ஒருவர் மறுத்தால் வாய்க்கால் நிண்டுபோகும் தானே. ஆனா ஒரு விசயம் உறுத்துது. பிராட்லிக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கே இல்லை. அவர் வெளிநாட்டவர், அதோட பெண். கலிபோர்னியாவில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1911இல். சீனத் தொழிலாளர்களுக்கோ 1879ஆம் ஆண்டு அரசியலமைப்பே கதவை மூடிவிட்டது. ‘மக்கள் முடிவெடுத்தார்கள்’ என்று வரலாற்றில் வாசிக்கும்போது, அந்த மக்களுக்குள் யார் யார் இருந்தார்கள் எண்டு கேக்கத்தான் வேணும்.

தீர்ப்பு வந்தபோது பல மாவட்டங்கள் ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தன. இந்தச் சட்டத்தின் கீழ் ஐம்பதுக்குக் கிட்டவான மாவட்டங்கள் உருவாகின. 1893இன் பொருளாதார வீழ்ச்சியில் பிணைமுறிகளை வாங்க ஆளில்லை. தப்பியவை கொஞ்சம்தான். அதில் டேர்லொக்கும் மொடெஸ்டோவும் அடங்கும். 1887 யூனில் அமைந்த டேர்லொக்தான் இந்தச் சட்டத்தின் முதல் பிள்ளை. இரண்டும் சேர்ந்து துவாலமியில் கட்டிய லா கிரேஞ்ச் அணை 1893இல் முடிந்தது, உயரம் ஏறத்தாழ 130 அடி. ஆனாலும் வாய்க்கால் வேலை இழுபட்டு, தண்ணீர் வயலுக்கு வர 1900 ஆனது. மொடெஸ்டோவுக்கு அதற்கும் பிறகுதான். தண்ணீர் வந்தபின் கோதுமை போய் பழத்தோட்டமும் பால்பண்ணையும் வந்தன, பெரிய காணிகள் துண்டு துண்டாக விற்கப்பட்டன.

1923இல் இரண்டு மாவட்டங்களும் டொன் பெட்ரோவில் இன்னோர் அணையைக் கட்டி, மின்சாரமும் விற்கத் தொடங்கின. டேர்லொக் மாவட்டம் இண்டைக்கும் ஐந்து பணிப்பாளர்களோடு இயங்குது. தண்ணீருக்கும் கரண்டுக்கும் அங்க பில் அனுப்புறது அந்தச் சபைதான்.