தங்கையைவிடக் கெட்டிக்கார அண்ணன்

இளம்பிள்ளையில் எந்தத் தெருவில் நின்றாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். சேலை நெய்வது அந்த ஊரின் தொழில். தார் சுற்றும் வேலையில் பெண்களின் உழைப்பு கணிசமானது. ஆனாலும் தேநீர்க் கடைப் பெஞ்சில் ஆண்கள் மட்டும் கூடும்போது 'பெண்புத்தி பின்புத்தி' என்பது தயக்கமின்றி வந்து விழும். எல்லோரும் சிரிப்பார்கள். நாமும் சிரித்திருக்கிறோம். அந்தப் பெஞ்சில் திருநம்பி ஒருவர் இருந்தால் என்ன செய்வார்?

இக்கேள்விக்கு விடை தந்தவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் பென் பாரஸ் (1954–2017). பெண்ணாக வளர்க்கப்பட்டவர். எம்.ஐ.டி.யில் படித்தபோது, வகுப்பில் வேறெவருக்கும் பிடிபடாத கணக்கொன்றை விடுவித்தார். காதலன்தான் போட்டுக் கொடுத்திருப்பான் என்றார் பேராசிரியர். 1997இல் பாரஸ் ஆணாக வாழத் தொடங்கினார். பின்னர் அவருடைய உரையைக் கேட்ட ஒருவர், இவர் ஆய்வு இவருடைய சகோதரியின் ஆய்வைவிட மேல் என்று பாராட்டினாராம். அந்தச் 'சகோதரி' வேறு யாருமல்லர், பாரஸேதான்!

2005இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ், அறிவியலின் உயர்நிலைகளில் பெண்கள் குறைவாக இருப்பதற்குப் பிறவித் திறன் வேறுபாடும் காரணமாகலாம் என்றார். 2006இல் 'நேச்சர்' இதழில் பாரஸ் மறுப்பு எழுதினார். தடை செய்வது திறனன்று, பாகுபாடே என்பது அவர் வாதம். ஆணான பின் தமது பேச்சை இடைமறிக்காமல் கேட்கிறார்கள் என்பதையும் அதில் பதிவு செய்தார். மூளை அதேதான், கேட்பவர்கள்தாம் மாறினார்கள்.

நம் பக்கம் திருநம்பியரின் குரல் தாமதமாகவே பதிவானது. 2008இல் தமிழக அரசு அமைத்த நல வாரியம் அரவாணிகளின் பெயரையே தாங்கியிருந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. நாமக்கல் மண்ணில் பிறந்த திருநங்கை எழுத்தாளர் ஏ. ரேவதி, 2016இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில் திருநம்பியர் பலரின் வாழ்க்கைக் கதைகளுக்கும் இடம் தந்தார்.

பாரஸ் பேராசிரியர்; அவர் திருநம்பி என்பது உலகறிந்த செய்தி. தறிப்பட்டறைத் தொழிலாளிக்கோ, பிறர் அறியாதிருப்பதே பல நேரங்களில் பாதுகாப்பு. 'உனக்கேன் கோபம் வருகிறது?' என்ற ஒரு கேள்வியில் வேலையும் வாடகை வீடும் போய்விடலாம். அவருடைய மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

பேசினால் எதையும் இழக்காத நாம் சிரித்ததற்குத்தான் நியாயம் இல்லை. அடுத்த முறை அந்தப் பழமொழி வந்து விழும்போது நாம் கேட்க வேண்டியது இதுதான்: 'இன்று நீங்கள் ஓட்டிய தாரைச் சுற்றியது யார்?'